பி.எச்டி. இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகை இல்லை. சேரலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. (வேளாண்மை) பயிர் நோயியல் முடித்திருக்கிறேன். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நெல், வேறு வருமானம் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எச்டி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் உதவித்தொகை இல்லை. அதே சமயம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நெல் நோய்த் திட்டம் ஒன்றில் எஸ்.ஆர்.எஃப். (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) என்ற ஆராய்ச்சி வேலைக்கும் அழைத்திருக்கிறார்கள். ஏ.எஸ்.ஆர்.பி. (வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம்) நெட் பாஸ் செய்துவிட்டதால் சேர்ந்த பிறகு உதவித்தொகை தானாக வந்துவிடும் என்று தோழிகள் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது பணம் கட்டுகிறேன், இடத்தை விட்டுவிடாதே என்கிறார் அப்பா. நான் எதை எடுப்பது? வெளிநாட்டுக்கு முயற்சி செய்யலாமா? உதவித்தொகை விண்ணப்பத்துக்காக நான் எழுதிய கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் நகை விஷயம். அதை அடகு வைக்க வேண்டாம். அப்பா எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருப்பார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பி.எச்டி. என்பது இரண்டு பருவத்துக்குக் கட்டணம் கட்டினால் முடிந்துவிடும் படிப்பு இல்லை. குறைந்தது மூன்று வருடம், பெரும்பாலும் நான்கு. விடுதி, சாப்பாடு, ஆய்வகச் செலவு, வயலுக்குப் போய்வரும் பஸ் செலவு என்று மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். வட்டியும் கூடவே ஏறும். பயிர் நோயியலில் முழு நேரம் ஆராய்ச்சி செய்கிறவருக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை வர வேண்டும். அது சலுகை இல்லை, செய்கிற வேலைக்கான கூலி. அது இல்லாமல் சேர்ந்துவிட்டு நடுவில் நின்றுபோன நல்ல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, தோழிகள் சொன்னது. அது சரியில்லை. ஏ.எஸ்.ஆர்.பி. நெட் என்பது வேளாண் பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதிச் சான்று. அதோடு ஒரு ரூபாய் உதவித்தொகையும் வராது. பெயரில் 'நெட்' இருப்பதால் உதவித்தொகையும் தரும் சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் குழு) நெட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் இது நடக்கிறது. உங்கள் சான்றிதழ் வீண் இல்லை. பிற்பாடு வேலைக்குப் போகும்போது கட்டாயம் உதவும். திட்ட வேலைகளிலும் நெட் முடித்தவருக்குக் கூடுதல் ஊதியம் தரும் விதி பல இடங்களில் உண்டு. ஆனால் அதை நம்பி உதவித்தொகை இல்லாத இடத்தில் போய் உட்கார முடியாது.

இந்தத் துறையில் எந்தப் பணம் வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது யார் பெயரில் வருகிற பணம்? உங்கள் பெயரில் வருகிறதா, வழிகாட்டி நடத்தும் திட்டத்தின் பெயரில் வருகிறதா, பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறதா? தொகை எவ்வளவு என்பதைவிட இதுதான் முக்கியம். என்ன தலைப்பில் ஆராய்ச்சி செய்வீர்கள், யாரிடம் செய்வீர்கள், எந்த மாதம் பணம் நிற்கும் எல்லாமே இதை வைத்துத்தான்.

உங்கள் பெயரில் வருவதற்கு முதல் வழி சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெறுவது. 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து வருடம் வரை. வீட்டு வாடகைப்படி தனி. சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். என்றால் ஆய்வுச் செலவுக்கு வருடம் 20,000 ரூபாயும் உண்டு. முடிவு வரும்போது கவனமாகப் பாருங்கள். இப்போது மூன்று வகையாகத் தகுதி கொடுக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப். வகையில் பெயர் வந்தால்தான் பணம். உதவிப் பேராசிரியர் தகுதி, பி.எச்டி. சேர்க்கைத் தகுதி என்ற மற்ற இரண்டிலும் பணம் கிடையாது.

வேளாண் மாணவர்கள் இந்தத் தேர்வு 'லைஃப் சயின்ஸ்' என்றதும் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அது தாவரவியல், உயிர்வேதியியல் படித்தவர்களுக்கானது என்று ஒரு நினைப்பு. வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். மொத்தம் 200 மதிப்பெண். ஏ பகுதி பொதுத்திறன், 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். பி பகுதியில் 50-இல் 35, அது 70 மதிப்பெண். உங்களுக்கு வாய்ப்பு இருப்பது சி பகுதியில். 75 கேள்வி கொடுத்து 25 எழுதச் சொல்கிறார்கள், ஒன்றுக்கு 4 மதிப்பெண். அதாவது மூன்றில் இரண்டு கேள்வியைத் தொடாமலே முழு மதிப்பெண் வாங்கலாம். விலங்கு உடலியலும் கருவளர்ச்சியும் உங்களுக்கு வராவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். தாவர உடலியல், மரபியல், மூலக்கூறு உயிரியல், சூழலியல், ஆய்வு முறைகள், அப்புறம் நோய்க்கிருமி செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று வரும் ஓம்புயிர்–ஒட்டுண்ணிப் பகுதி, இவற்றில் ஆழமாக இறங்கினால் 25 கேள்வி தேறும். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். அதனால் சி பகுதியில் குருட்டாம்போக்கில் அடிக்கக் கூடாது. நம் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மூலக்கூறு உயிரியலிலும் ஏ பகுதிக் கணக்கிலும்தான். ஆறு மாதம் அந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். பெண்களுக்கு வயது வரம்பில் 5 வருடத் தளர்வு இருக்கிறது, ஒரு தடவை தவறினாலும் கதவு மூடிவிடாது.

இரண்டாவது வழி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) பி.எச்டி. நுழைவுத் தேர்வு, ஏ.ஐ.சி.இ. ஜே.ஆர்.எஃப்./எஸ்.ஆர்.எஃப். என்பது அதன் பெயர். தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. இதில் தரவரிசையில் மேலே வருகிற குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்குத்தான் உதவித்தொகை, மற்றவர்களுக்கு இடம் மட்டும். கலந்தாய்வில் 'இடம் கிடைத்தது' என்ற சந்தோஷத்தில் இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் நிறையப் பேர். டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இந்தத் தேர்வு வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவில் பயிர் நோயியல் வேர்விட்ட நிறுவனம் அது. 1905-இல் பீகாரில் உள்ள பூசாவில் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமான பிறகு 1936-இல் டெல்லிக்கு வந்தது. வாய்ப்புக் கிடைத்தால் மொழி, தூரம் என்று பார்க்காமல் போய்விடுங்கள். அங்குள்ள பூஞ்சைத் தொகுப்பும் நூலகமும் வேறு எங்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் எடுத்திருந்தால் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். வேளாண்மையும் அதில் அடங்கும். நீங்கள் ரேங்க் பற்றி எழுதவில்லை, அதனால் இதோடு விடுகிறேன். பட்டியலினத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உள்ள தேசிய ஃபெலோஷிப்புகளுக்கு நெட் மதிப்பெண்ணை வைத்தே தேர்வு செய்கிறார்கள். ஆக அதற்கும் அதே தேர்வைத்தான் எழுத வேண்டும். முழு நேர பி.எச்டி. செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசு வருடம் 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. பொருந்துமென்றால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இனி உங்கள் கையில் இருக்கிற திட்ட வேலை. இது திட்டத்தின் பணம். வழிகாட்டி நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவரே நினைத்தாலும் திட்டம் முடிந்த பிறகு உங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தர முடியாது. என்னிடம் படித்த ஒரு மாணவர் வேறொரு நிலையத்தில் வாழை வாடல் நோய்த் திட்டத்தில் சேர்ந்தார். சேரும்போது அதில் பத்து மாதம்தான் பாக்கி என்று அவருக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. மார்ச் 31-ஆம் தேதி கணக்கு முடித்தார்கள். வாழைக் கன்று நட்டு, நோய்க்கிருமி ஏற்றி, பாதி அறிகுறி தெரிய ஆரம்பித்திருந்த நேரம். வாழையில் ஒரு சோதனை முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு அவர் தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு வார இறுதியில் வந்து அளவெடுத்தார். பட்டம் வாங்கிவிட்டார், ஆனால் அந்த இரண்டு வருடம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதனால் 'சரி, சேர்கிறேன்' என்று சொல்வதற்கு முன் திட்டத்தை நடத்தும் முதன்மை ஆய்வாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். நேரில் கேட்கத் தயங்கினால் மின்னஞ்சலில் மரியாதையாக எழுதுங்கள். அதுதான் நல்லதும்கூட, பதில் எழுத்தில் இருக்கும். திட்டம் அனுமதியான தேதி என்ன, முடியும் தேதி என்ன? எஸ்.ஆர்.எஃப். ஆக இருக்கும்போதே பி.எச்டி. பதிவு செய்ய அனுமதி உண்டா, எந்தப் பல்கலைக்கழகத்தில்? திட்டத்தில் நான் எடுக்கும் தரவுகளை என் ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா? நான் வயலில் சேகரித்துப் பிரித்தெடுக்கும் நோய்க்கிருமி வகைகள் திட்டம் முடிந்த பிறகு என் ஆய்வுக்குக் கிடைக்குமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் நம் துறையில் மூன்று வருட உழைப்பு என்பது குளிர்பெட்டியில் இருக்கும் அந்த ஐம்பது அறுபது சோதனைக் குழாய்கள்தான். அவற்றைத் தொட முடியாமல் போனால் ஆய்வேடு அங்கேயே நின்றுவிடும்.

இன்னும் இரண்டு வருடமாவது பாக்கி இருந்து, பதிவுக்கும் அனுமதி இருந்தால், திட்ட வேலையில் சேருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அங்கே இருந்துகொண்டே சி.எஸ்.ஐ.ஆர். தேர்வும் ஐ.சி.ஏ.ஆர். தேர்வும் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் திட்டப் பதவியை விட்டுவிட்டு அதே வழிகாட்டியிடம் உங்கள் சொந்த உதவித்தொகையில் தொடரலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். பெரும்பாலான வழிகாட்டிகளுக்கு இது சந்தோஷமான செய்தி, ஏனென்றால் திட்டப் பணத்தில் அவர்கள் இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம். திட்டத்தில் ஒரு வருடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது, பதிவுக்கும் அனுமதி இல்லை என்றால், அதைச் சம்பளத்தோடு தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த ஒரு வருடமாக மட்டும் நினைத்துச் சேருங்கள். அதற்குமேல் அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

கையில் இருக்கும் பி.எச்டி. இடம்? சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். பயிர் நோயியலில் இடம் அடுத்த வருடமும் வரும்.

எந்த உதவித்தொகையாக இருந்தாலும் முதல் தவணை கைக்கு வரத் தாமதமாகும். சேர்ந்த அறிக்கை, வழிகாட்டியின் கையெழுத்து, பல்கலைக்கழக முத்திரை, வங்கிக் கணக்கு இணைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து பணம் வருவதற்குச் சில மாதங்கள் ஓடிவிடும். திட்ட வேலையில் வரும் சம்பளத்தில் ஆறு மாதச் செலவுக்கு உண்டானதை ஒதுக்கி வையுங்கள். அப்பாவுக்கு அனுப்பவும் ஆசை இருக்கும், அனுப்புங்கள். ஆனால் இந்தத் தொகையில் கைவைக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கட்டுரை. 'சிறுவயது முதலே எனக்கு விவசாயத்தின் மீதும் ஆராய்ச்சியின் மீதும் தீராத ஆர்வம் உண்டு. உலகின் பசியைப் போக்க விரும்புகிறேன்' என்று ஆரம்பிக்கிறீர்கள். தேர்வுக் குழுவில் இருக்கிறவர் அன்றைக்கு இதே வரியைப் பல கட்டுரைகளில் படித்திருப்பார். ஆனால் மூன்றாவது பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள்: அப்பாவின் வயலில் நெற்பழம் (கதிரில் மணிகள் மஞ்சள் உருண்டையாகும் பூஞ்சை நோய்) வந்தபோது பக்கத்து வயல்காரர் 'லட்சுமி வந்திருக்கா, மருந்து அடிக்காதீங்க' என்றாராம். அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

அதில் ஒரு முழு ஆராய்ச்சி இருக்கிறது. நெற்பழ நோய்க்கு 'லட்சுமி நோய்' என்று பெயர் வந்ததே, மழையும் உரமும் நன்றாக இருந்து விளைச்சல் கூடும் வருடத்தில் அது அதிகம் தெரிந்ததால்தான். அந்தப் பூஞ்சையை குக் என்ற ஆங்கிலேயர் 1878-இல் அறிவியலுக்கு முதலில் விவரித்தது நம் திருநெல்வேலியிலிருந்து போன மாதிரியை வைத்து. நீண்ட காலம் சில்லறை நோயாக இருந்தது, வீரிய ஒட்டு ரகங்களும் தழைச்சத்தும் பெருகிய பிறகு பெரிய தலைவலியாகிவிட்டது. உங்களுக்கே தெரியும், கதிரில் மஞ்சள் பந்து தெரியும்போது மருந்து அடித்துப் பயன் இல்லை. கிருமி உள்ளே போனது அதற்கு முன்பே, கதிர் உறைக்குள் இருக்கும் சூல் பருவத்தில். விவசாயி கண்ணால் பார்க்கிற நாளும், மருந்து வேலை செய்கிற நாளும் வேறு வேறு. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது? இதுதான் உங்கள் கேள்வி. இதை நீங்கள் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, வரப்பில் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே கட்டுரையை அங்கிருந்து ஆரம்பியுங்கள். இப்படி: 'எங்கள் வயலில் சம்பாப் பட்டத்தில் கதிர் வந்து சில நாளில் மஞ்சள் உருண்டைகள் தெரிந்தன. பூக்கும் வாரத்தில் தொடர்ந்து மழை. யூரியா வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தோம். அறிகுறி தெரிந்த பிறகே மருந்து அடித்தோம், பலன் இல்லை. சூல் பருவத்து வானிலையை வைத்து இந்த நோயை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதே என் ஆய்வுக் கேள்வி.' ரகத்தின் பெயர், நட்ட தேதி, மழை பெய்த நாட்கள், போட்ட உரம் எல்லாம் அப்பாவிடம் கேட்டுச் சேருங்கள். அவர் நோட்டில் எழுதி வைக்காவிட்டாலும் உரக்கடை ரசீது இருக்கும். அடுத்து, எந்தெந்த வட்டாரத்தில் மாதிரி எடுப்பீர்கள், எத்தனை வயல், எந்தப் பருவத்தில் என்று எழுதுங்கள். இந்தப் பூஞ்சை ஆய்வக வளர்ப்பு ஊடகத்தில் மிக மெதுவாக வளரும், செயற்கையாக நோயை உண்டாக்குவதும் கடினம். இதை நீங்களே முன்வந்து சொல்லி, மாற்றாக என்ன செய்வீர்கள் என்றும் ஒரு பத்தி எழுதினால், ஆய்வகத்தில் கை நனைத்தவர் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். உலகின் பசி, சிறுவயது ஆர்வம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். நேர்முகத் தேர்விலும் இதே கதையைச் சொல்லுங்கள், தமிழில் யோசித்துத் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னாலும் பரவாயில்லை.

வெளிநாடு பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் பயிர் நோயியல் துறைகள் பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளர் பதவி கொடுத்துத்தான் பி.எச்டி.க்கு எடுக்கின்றன. கல்விக் கட்டணத்தை அதிலேயே பார்த்துக்கொண்டு மாதத் தொகையும் தருவார்கள். ஆனால் அதுவும் பெரும்பாலும் பேராசிரியரின் திட்டப் பணம்தான். ஆகவே மேலே சொன்ன அதே கேள்விகளை அங்கேயும் கேட்க வேண்டும். பொதுவாக எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாமல், நெல் நோய்களில் வேலை செய்யும் நான்கைந்து பேரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தனித்தனியாக எழுதுங்கள். இங்கேயே பி.எச்டி. பதிவு செய்துவிட்டால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் பட்ட ஆய்வு ஃபெலோஷிப் மூலம் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்து திரும்பலாம், வேளாண் அறிவியலும் அதில் உண்டு. உங்கள் நிலைமைக்கு இப்போதைக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆய்வுப்பொருள் உங்கள் வயலில் இருக்கிறது, அதற்குத் தேவையான மூலக்கூறு உத்தியை மட்டும் அங்கே போய்க் கற்றுக்கொண்டு வரலாம்.

திட்டத்தின் முடிவுத் தேதி பற்றிப் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். திருத்திய கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தையும் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், முக்கியமாக நகை பற்றி எழுதிய பத்தியை.